கேப்ஸ் லாக் விசையை அங்கே வைத்தது யார்?

கணினி விசைப்பலகையில் இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே, ஏ விசையை ஒட்டி, நல்ல அகலமான விசை ஒன்று சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கேப்ஸ் லாக். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களே அதை எப்போதாவதுதான் தொடுகிறார்கள். தமிழில் எழுதுகிறவருக்கோ அதனால் எள்ளளவும் பயனில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே தமிழில் கிடையாது. கை தவறி அதில் பட்டு, கடவுச்சொல் மூன்று முறை தப்பாகி, வங்கிக் கணக்கு பூட்டிக்கொள்ளும்போதுதான் அப்படி ஒரு விசை இருப்பதே பலருக்கு நினைவுக்கு வரும்.

அது தட்டச்சுப் பொறி காலத்து மிச்சம். 1878இல் வந்த ரெமிங்டன் எண் 2 பொறியில்தான் ஷிப்ட் விசை பரவலாக அறிமுகமானது. ஷிப்டை அழுத்தினால் பொறியின் கனமான பாகம் ஒன்று உண்மையாகவே இடம்பெயரும். ஒரு வரி முழுவதும் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டுமானால் அந்தப் பாரத்தைச் சுண்டுவிரல் சுமந்துகொண்டே இருக்க வேண்டும். அதனால் ஒரு பூட்டு தேவைப்பட்டது. கணினி வந்ததும் பாரம் போய்விட்டது, பூட்டு மட்டும் தங்கிவிட்டது.

அதற்கும் இந்த இடம் நிரந்தரமாக இருந்ததில்லை. 1976இல் வெளிவந்த ஏடிஎம்-3ஏ என்ற கணினி முனையத்தில் ஏ விசைக்குப் பக்கத்தில் இருந்தது கன்ட்ரோல். 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலும் அப்படித்தான். கேப்ஸ் லாக் கீழே, இடைவெளிப் பட்டைக்கு வலப்புறம் கிடந்தது. 1980களின் நடுவில் ஐபிஎம் கொண்டுவந்த 101 விசைப் பலகையில் அது மேலே ஏறி கன்ட்ரோலின் நாற்காலியைப் பிடித்தது. மற்ற நிறுவனங்கள் அதையே நகலெடுத்தன. நாற்பது ஆண்டுகளாக யாரும் அதை எழுப்பவில்லை.

எழுப்ப முடியுமா? மேல்மூடியைப் பிடுங்கி வேறு மூடி மாட்டிப் பார்க்கலாம். திரையில் ஒன்றும் மாறாது. எந்த விசை என்ன செய்யும் என்பது மூடியில் எழுதப்பட்டிருப்பதில்லை. விசைப்பலகைக்குள்ளே ஒரு குட்டிக் கணினி இருக்கிறது. முடிவு செய்வது அதுதான்.

இது புதிய செய்தி அல்ல. 1981 ஐபிஎம் பிசியின் விசைப்பலகைக்குள் இன்டெல் 8048 என்ற சில்லு இருந்தது. நிரலுக்கு 1 கிலோபைட் இடம், வேலை செய்ய 64 பைட் நினைவகம், அவ்வளவுதான். நிரலைத் தொழிற்சாலையிலேயே சில்லில் செதுக்கி அனுப்பிவிடுவார்கள். வாங்கியவர் அதைத் தொட வழியே இல்லை. இன்று அதே வேலையைச் செய்யும் சில்லுகளில் ஃபிளாஷ் நினைவகம் இருக்கிறது. அழித்து எழுதலாம். வன்பொருளோடு ஒட்டிக்கிடக்கும் இந்த நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். நிலைபொருள் என்று தமிழில் சொல்கிறார்கள். தன் விசைப்பலகையின் ஃபர்ம்வேரைத் தானே எழுதிக்கொள்வது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சிலருக்கு அது பொழுதுபோக்கைத் தாண்டி, மணிக்கட்டு வலிக்கு மருந்து தேடிய பயணம்.

ஒரு விசையை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

104 விசைகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் சில்லில் 104 கால்கள் வேண்டும். அதைத் தவிர்க்க, சதுரங்கப் பலகை மாதிரி வரிசைகளும் நெடுவரிசைகளுமாகக் கம்பிகளைப் போட்டு, அவை சந்திக்கும் இடத்தில் விசைகளை வைக்கிறார்கள். 6 வரிசை, 18 நெடுவரிசை என்றால் 24 கால்களில் 108 விசைகள் அடங்கிவிடும். சில்லு ஒவ்வொரு நெடுவரிசையாகத் தட்டி, எந்த வரிசையிலிருந்து பதில் வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இந்த ரோந்து ஒரு நொடியில் ஆயிரம் தடவைக்குமேல்கூட நடக்கும்.

இந்தச் சிக்கனத்தில் ஒரு பேய் ஒளிந்திருக்கிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே சமயத்தில் அழுத்தினால் மின்சாரம் சுற்றுவழியில் போய், நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். இத்துறையில் அதற்குப் பெயரே ‘கோஸ்ட்’தான். ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு வைத்து, மின்சாரத்தை ஒருவழிப் பாதையில் போகச் செய்வதே பேயோட்டும் முறை. வீட்டில் விசைப்பலகை கோக்கிறவர்கள் 1என்4148 என்ற மலிவான டையோடை வரிசையாகப் பற்றவைத்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

அடுத்த தொல்லை, துள்ளல். விசைக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தடவையில் ஒட்டிக்கொள்வதில்லை. தரையில் விழுந்த பந்து மாதிரி சில மில்லி நொடிகளுக்குத் துள்ளும். சில்லின் வேகத்துக்கு ஒவ்வொரு துள்ளலும் தனித்தனி அழுத்தம். ஒரு ‘ப’ அடித்தால் மூன்று ‘ப’ விழும். அதனால் ஃபர்ம்வேர் கொஞ்சம் பொறுத்து, நிலை அடங்கிய பிறகே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பரவலாகப் பயன்படும் கியூஎம்கே என்ற ஃபர்ம்வேரில் இந்தப் பொறுமையின் அளவு, மாற்றாமல் விட்டால், 5 மில்லி நொடி. பழைய விசைப்பலகையில் ஓர் எழுத்து இரட்டை இரட்டையாக விழத் தொடங்கினால் இந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்பதே முதல் வைத்தியம்.

எந்த விசை என்று தெரிந்த பிறகு, கணினிக்கு என்ன போகிறது? எழுத்து போவதில்லை, வெறும் எண்தான் போகிறது. யூஎஸ்பி விசைப்பலகைகளுக்கான உலகத் தரத்தில் ஏ விசைக்கு 4, பி விசைக்கு 5 என்று ஆங்கில நெடுங்கணக்கு வரிசையிலேயே எண் கொடுத்திருக்கிறார்கள். கேப்ஸ் லாக்கின் எண் 57. எளிய வடிவத்தில் ஒரு செய்தி 8 பைட் நீளம்: ஷிப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், சும்மா ஒன்று, மீதி ஆறில் அழுத்தப்பட்டிருக்கும் ஆறு விசைகளின் எண்கள்.

தமிழ் வாசகர் இங்கே கொஞ்சம் நிற்கலாம். எச் விசையின் எண் 11. விசைப்பலகை 11 என்று மட்டுமே சொல்கிறது. கணினியில் ஆங்கிலம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் அது எச். தமிழ்99 தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் அதே 11தான் ‘க’. யுனிகோடில் ‘க’வின் எண் 2965, ஆனால் அந்த 2965ஐ விசைப்பலகை கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த அந்தத் தமிழ் அமைப்பு இன்றுவரை இயங்குதளத்துக்குள்தான் குடியிருக்கிறது, விசைப்பலகைக்குள் அல்ல. கடையில் தமிழ் ஒட்டிகள் வாங்கி மூடிகளில் ஒட்டினால் கண்ணுக்கு வழி தெரியும். விசைப்பலகைக்கு அதனால் ஒன்றும் இல்லை.

ஆக, எழுத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இரண்டு இடங்களில் பிரிந்திருக்கிறது. எந்த இடத்தை அழுத்தினால் எந்த எண் போக வேண்டும் என்பது ஃபர்ம்வேர் கையில். அந்த எண் எந்த எழுத்தாக வேண்டும் என்பது இயங்குதளத்தின் கையில். தன் விசைப்பலகையைத் திருத்துகிறவர் கைவைப்பது முதலாவதில்.

கியூஎம்கேயின் கதை சுருக்கமானது. ஹாசு என்ற பெயரில் அறியப்படும் ஜப்பானிய நிரலாளர் ஒருவர் டிஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை எழுதினார். பிளாங்க் என்ற சின்ன விசைப்பலகையை வடிவமைத்த ஜாக் ஹம்பர்ட் அதிலிருந்து ஒரு கிளையை எடுத்து வளர்த்தார். ஆர்வலர்கள் கூடி இழுக்க அது பெருந்தேராகிவிட்டது. கம்பியில்லா விசைப்பலகைகளுக்கு ஸெஃபைர் என்ற சிறு இயங்குதளத்தின் மேல் கட்டிய ஸெட்எம்கே இருக்கிறது. இரண்டும் இலவசம், மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் உண்டு.

இவற்றின் முதல் கொடை, அடுக்குகள். ஷிப்டை அழுத்தியதும் எல்லா விசைகளும் வேறு வேலை செய்வதை நாம் சின்ன வயதிலிருந்தே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அதே தந்திரத்தை நான்கைந்து மாடிகளாகக் கட்டினால் என்ன? கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் வலது கையின் கீழ் எண்கள். வேறொன்றைப் பிடித்தால் அம்புக்குறிகள். கோர்னே என்ற ஜப்பானிய வடிவமைப்பில் மொத்தமே 42 விசைகள்தான். இரண்டாகப் பிளந்த பலகை, பாதிக்கு 21. எண் வரிசையே கிடையாது. முதலில் பார்க்கிறவர், மீதியை எலி தின்றுவிட்டதா என்றுதான் கேட்பார். ஆனால் பழகியவரின் விரல் எந்த விசைக்கும் ஒரு விசை தூரத்துக்குமேல் நகர்வதில்லை. எண்ணைத் தேடிக் கை ஓடாமல், எண்ணே கைக்குக் கீழே வந்து நிற்கிறது.

எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளில் அம்புக்குறிகளை வைப்பது அடுக்கு போடுகிறவர்களிடையே ஒரு மரபு. அதன் வேர், மேலே சொன்ன அதே ஏடிஎம்-3ஏ. அதில் அம்புக்குறிகளைத் தனியாக வைக்காமல் அந்த நான்கு விசைகளின் மேல்தான் அச்சிட்டிருந்தார்கள். பெர்க்லியில் பில் ஜாய் ‘விஐ’ என்ற உரைத்திருத்தியை எழுதியது அந்த முனையத்தில் உட்கார்ந்துதான். முனையம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

இந்த மாடிகளுக்கு ஆகும் செலவு சிரிப்பை வரவழைக்கும். கியூஎம்கேயில் ஒரு விசைக்கு ஓர் அடுக்கில் 2 பைட். 42 விசை, 4 அடுக்கு: 336 பைட். இந்தப் பத்தியைச் சேமிக்கவே அதைவிட அதிக இடம் வேண்டும்.

அடுக்குகள் எளிது. தகராறு இரட்டை வேட விசைகளில்தான். தட்டிவிட்டு எடுத்தால் ஒரு வேலை, பிடித்துக்கொண்டிருந்தால் வேறு வேலை. கேப்ஸ் லாக் இருந்த இடத்தைத் தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கன்ட்ரோல் என்பது மிகப் பிரபலமான அமைப்பு. கொஞ்சம் துணிந்தவர்கள் விரல்கள் இளைப்பாறும் நடு வரிசையிலேயே கைவைக்கிறார்கள்: ஏ, எஸ், டி, எஃப் ஆகியவை தட்டினால் எழுத்து, பிடித்தால் விண்டோஸ் விசை, ஆல்ட், கன்ட்ரோல், ஷிப்ட். சுண்டுவிரலை மூலைக்கு இழுக்க வேண்டியதே இல்லை.

கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் தட்டலுக்கும் பிடித்தலுக்கும் எல்லை எங்கே? கியூஎம்கே வைத்திருக்கும் கெடு 200 மில்லி நொடி. அதற்குள் விரலை எடுத்தால் தட்டல், தாண்டினால் பிடித்தல். இப்போது ஒரு சின்னக் கணக்கு. தட்டச்சுத் தேர்வு முறைப்படி ஒரு சொல்லுக்கு ஐந்து எழுத்து என்று வைத்தால், நிமிடத்துக்கு 60 சொல் அடிப்பவர் 300 விசைகளைத் தட்டுகிறார். நொடிக்கு ஐந்து. ஒரு விசைக்குச் சராசரியாக 200 மில்லி நொடி! கெடுவும் கையின் வேகமும் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, வேகமாக அடிக்கிறவர்கள் ஒரு விரலை எடுப்பதற்குள் அடுத்த விரலை இறக்கிவிடுவார்கள். அந்தக் கண நேர ஒட்டுதலைப் பார்த்து, இது பிடித்தலா, அவசரமா என்று ஃபர்ம்வேர் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஊகிக்கச் சில விதிகள் உண்டு. இரட்டை வேட விசை இறங்கியிருக்கும்போதே இன்னொரு விசை இறங்கி ஏறினால் அது பிடித்தல்தான் என்பது ஒரு விதி. இன்னொரு விசை இறங்கினாலே போதும், பிடித்தல் என்று முடிவு கட்டுவது அதைவிட முரட்டு விதி. எது பொருந்தும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மொழிக்கு மொழியும் மாறும் என்பதைத்தான் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் சொல்வதில்லை.

தமிழ்99இல் எஃப் விசைதான் புள்ளி. ‘அவன்’ என்று எழுத அ, வ, ன, புள்ளி, உடனே இடைவெளி. தமிழ்ச் சொற்களில் பாதி மெய்யெழுத்தில் முடிவதைப் போலத்தான் தோன்றும். அதனால் புள்ளிக்குப் பின் இடைவெளி என்ற இரட்டையை விரல்கள் யோசிக்காமலே உருட்டிவிடும். எஃப் விசையின் பிடித்தலில் ஷிப்டை வைத்து, முரட்டு விதியையும் போட்டுவிட்டால்? கட்டைவிரல் இறங்கும்போது எஃப் இன்னும் கீழே இருக்கிறது. ஃபர்ம்வேர் அதை ஷிப்ட் என்று படிக்கிறது. புள்ளி காணாமல் போய், திரையில் ‘அவன’ என்று நிற்கிறது. ஒரு பக்கத்தில் இது பத்துத் தடவை நடந்தால் விசைப்பலகை ஜன்னல் வழியே போய்விடும். தமிழில் நிறைய எழுதுகிறவர் நடு வரிசை வித்தையைத் தவிர்த்துவிடுவதே நல்லது, குறைந்தது எஃப் விசையையாவது விட்டுவைக்கலாம். ஷிப்டுக்குக் கட்டைவிரல் இருக்கவே இருக்கிறது. தமிழ்99இல் ஷிப்ட் தேவைப்படுவதே பெரும்பாலும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான்.

தமிழ் எழுதுகிறவருக்கு உண்மையில் உதவும் திருத்தம் வேறொன்று. ஒரே பத்தியில் இரண்டு மொழி கலந்து அடிக்கிறவர் நாளுக்கு எத்தனை முறை மொழி மாற்றுகிறார்! விண்டோஸில் அதற்கு விண்டோஸ் விசையும் இடைவெளிப் பட்டையும் சேர வேண்டும். அந்தச் சேர்க்கையைக் கேப்ஸ் லாக் இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து, தட்டினால் மொழி மாற்றம், பிடித்தால் கன்ட்ரோல் என்று வைத்துவிட்டால் அந்தச் சோம்பேறி விசை ஒரே நாளில் உழைப்பாளியாகிவிடும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரு விசைக்கு உள்ள 2 பைட், அதாவது 16 பிட்டுக்குள் ‘இது இரட்டை வேடம்’ என்ற குறிப்புக்கு 3 பிட், பிடிக்கும் விசைக்கு 5 பிட் போக, தட்டும் விசைக்கு மிஞ்சுவது 8 பிட். அதில் ஒற்றை விசை எண் அடங்கும்; இரண்டு விசைகளின் சேர்க்கை அடங்காது. அதனால் இந்த ஒன்றுக்கு மட்டும் சி மொழியில் நாலைந்து வரி எழுத வேண்டியிருக்கும். மாதிரிகள் ஏராளம் கிடைக்கின்றன.

விசைப்பலகையே நேரடியாகத் தமிழை அனுப்பக் கூடாதா என்ற ஆசை எல்லோருக்கும் ஒருமுறை வரும். வழி இருக்கிறது, ஆனால் கோணல் வழி. லினக்ஸில் கன்ட்ரோல், ஷிப்ட், யூ மூன்றையும் அழுத்தி யுனிகோடு எண்ணை அடித்தால் பல செயலிகளில் எழுத்து வரும். ஃபர்ம்வேர் அந்த நாடகத்தை மனிதருக்குப் பதிலாக நடத்தும். மேக்கில் அதற்கு வேறு முறை உண்டு, விண்டோஸில் துணைச் செயலி வேண்டும். ஒரு ‘கொ’ எழுத இரண்டு குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கம். கட்டுரை எழுத இது ஆகாது. தினமும் தேவைப்படும் ₹ குறிக்கு ஒரு விசை ஒதுக்க நன்றாக ஆகும். இன்னொரு தடை: கணினியிலிருந்து விசைப்பலகைக்குத் திரும்பி வரும் தகவல் கேப்ஸ் லாக் விளக்கு எரிய வேண்டுமா, அணைய வேண்டுமா என்கிற அளவுக்குத்தான். இப்போது திரையில் தமிழா ஆங்கிலமா என்பது ஃபர்ம்வேருக்குத் தெரியவே தெரியாது.

திருத்திய ஃபர்ம்வேரைச் சில்லில் ஏற்றும் வேலை பயமுறுத்துகிற அளவுக்குக் கடினமல்ல. பழைய தலைமுறையின் ஏடிமேகா32யூ4 சில்லில் 32 கிலோபைட் ஃபிளாஷ். அதில் 4 கிலோபைட்டை, புதிய ஃபர்ம்வேரை உள்ளே ஏற்றும் குட்டி நிரலான பூட்லோடர் எடுத்துக்கொண்டால் மிச்சம் 28,672 பைட். வண்ண விளக்கு, சின்னத் திரை, சுட்டி அசைவு என்று எல்லாவற்றுக்கும் ஆசைப்பட்டால், மூலநிரலைச் சில்லுக்குப் புரியும் வடிவத்துக்குக் கம்பைல் செய்யும்போது இடம் போதவில்லை என்று கையை விரித்துவிடும். ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் ஆர்பி2040 சில்லு வந்த பிறகு இந்தப் பஞ்சம் தீர்ந்தது. கணினியில் அது ஒரு பென்டிரைவ் போலத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. கம்பைல் செய்யவே விருப்பமில்லாதவர்களுக்கு வையா, வயல் போன்ற செயலிகள் உள்ளன. திரையில் விசையைத் தொட்டு மாற்றலாம். மாற்றம் உடனே பலகையில் பதிந்துவிடும்.

தப்பான ஃபர்ம்வேரை ஏற்றினால் பலகை செத்துவிடுமா? அநேகமாக இல்லை. பூட்லோடர் தனியறையில் பத்திரமாக இருக்கும். ஆர்பி2040இல் அது அழிக்கவே முடியாத ரோம் நினைவகத்தில் இருக்கிறது. உண்மையான ஆபத்து வேறிடத்தில். பிளந்த விசைப்பலகைகளில் இரண்டு பாதிகளை இணைப்பது பல சமயம் ஹெட்போன் முனை போன்ற ஒரு கம்பி. மின்சாரம் இருக்கும்போது அதைச் செருகினாலோ பிடுங்கினாலோ முனையின் வளையங்கள் தப்பான இடத்தில் தொட்டு, சில்லு கருகலாம். முதலில் யூஎஸ்பி கம்பியைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் மற்றது.

பாதுகாப்பிலும் ஓர் எச்சரிக்கை. விசைப்பலகை சொல்வதைக் கணினி கண்ணை மூடிக்கொண்டு நம்பும். 2014இல் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் சாதாரண யூஎஸ்பி குச்சியின் ஃபர்ம்வேரை மாற்றி, அதை விசைப்பலகையாக வேடமிட வைத்துக் காட்டினார்கள். ஒரே விசையில் நீளமான சொற்றொடரை அடிக்கும் வசதி கியூஎம்கேயில் இருப்பதால், கடவுச்சொல்லையும் அதில் வைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். வைக்கக் கூடாது. அது ஃபிளாஷில் பச்சையாகக் கிடக்கும்; பலகையைக் கையில் எடுக்கிற எவரும் அந்த ஒரு விசையை அழுத்தினால் போதும்.

இத்தனை வித்தைகளும் சொகுசுக்குத்தானா என்றால், இல்லை. ஒரு கை மட்டுமே இயங்குகிறவர் கன்ட்ரோலையும் தூரத்து விசையையும் சேர்த்து அழுத்துவது பெரும் பாடு. கன்ட்ரோலைத் தட்டிவிட்டால் அடுத்த விசை வரை அது காத்திருக்கும்படி ஃபர்ம்வேரில் வைக்கலாம். எட்கர் மத்தியாஸும் அவருடைய சகாக்களும் 1993இல் ஆராய்ந்து காட்டிய அரை விசைப்பலகை உத்தியில் இடைவெளிப் பட்டையைப் பிடித்துக்கொண்டால், கண்ணாடியில் தெரிவதுபோல வலப்பாதி இடக்கைக்குக் கீழே வந்துவிடும். இரண்டு கை விசைகளையும் இடம் மாற்றும் இதே உத்தி இன்று கியூஎம்கேயில் சில வரிகளில் கிடைக்கிறது. விலை உயர்ந்த தனிக் கருவி தேவையில்லை.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: விசைப்பலகை வாங்கும்போது கியூஎம்கே அல்லது வையா ஆதரவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள், மடிக்கணினியோடு வந்த பலகையில் இது பெரும்பாலும் நடக்காது, அதற்கு கனாட்டா போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே நாளில் நாற்பது விசைகளையும் கலைத்துப் போடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று போதும், கேப்ஸ் லாக்கிலிருந்து தொடங்கலாம். அதற்கும் முன்பாக, கைக்கு எளிதில் எட்டாத ஒரு மூலையில், பூட்லோடரை எழுப்பும் விசை ஒன்றை மறக்காமல் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பலகையைக் கவிழ்த்து, திருகாணியைக் கழற்றி, குண்டூசி முனையளவு பொத்தானைத் தேட வேண்டியிருக்கும்.